நீர்மூழ்கி இருக்கும்போது குண்டுவீச்சு விமானம் எதற்கு?

லயத்துவீடு8 (லூனாஸ், கெடா)

எல்லாருக்கும் வணக்கம். சனிக்கிழமை மாலை நம்ம படிப்பகத்தில் ஐந்தாம், ஆறாம் படிவப் பிள்ளைகளுக்குப் பட்டிமன்றம். "அணுவாயுத நாடுகளுக்குக் குண்டுவீச்சு விமானம் இனியும் தேவையா?" என்பது தலைப்பு. நடுவர் வேலை என் தலையில்.

பிள்ளைகள் எழுதி வந்ததைப் பார்த்தேன். "தேவையில்லை" அணி சொல்வது: கண்டம் தாண்டும் ஏவுகணை அரை மணி நேரத்தில் போய்ச் சேரும், நீர்மூழ்கியைக் கண்டுபிடிப்பது குதிரைக்கொம்பு, பத்து மணி நேரம் பறக்கிற விமானம் யாருக்கு வேண்டும்? "தேவை" அணியின் கையில் இருப்பது ஒரே வரி: விமானத்தைத் திருப்பிக் கூப்பிடலாம். எந்த இடம் வரைக்கும் கூப்பிடலாம் என்று கேட்டால் முழிக்கிறார்கள். எனக்கும் தெரியவில்லை.

இன்னும் மூன்று சந்தேகம். பி-52 என்ற அமெரிக்க பாம்பர் ஒன்று இருபது அணு ஏவுகணை சுமந்தாலும் அமெரிக்க-ரஷ்ய ஆயுதக் கட்டுப்பாட்டு ஒப்பந்தக் கணக்கில் ஒன்றுதானாம், உண்மையா? ரஷ்யா தன் விமானங்களை வெட்டவெளியில் நிறுத்தி டிரோனுக்குப் பறிகொடுத்ததற்கும் அதே ஒப்பந்தம்தான் காரணமாம், அது சரியா? 2021-இல் சரவாக் பக்கம் சீன பாம்பர் வந்தது என்று ஒரு பையன் எழுதியிருக்கிறான். விட்டுவிடலாமா, வெட்டிவிடலாமா?

பொதுப்பேச்சு வேண்டாம். எண், நடைமுறை, எங்கே சொதப்பும், ஏன் சொதப்பும், அதுதான் வேண்டும்.

எட்டுஎஞ்சின் (சுங்கை பட்டாணி)

அண்ணே, பிள்ளைகள் பாம்பரையும் ஏவுகணையையும் ஓட்டப்பந்தயத்தில் விடுகிறார்கள். வேகத்தில் பாம்பர் தோற்கத்தான் செய்யும். கேட்க வேண்டியது வேறு: எச்சரிக்கை மணி அடித்த முதல் கால் மணி நேரத்தில் ஒரு தலைவர் எதை முடிவு செய்தாக வேண்டும், எதைத் தள்ளிப்போடலாம்?

குழியில் இருக்கும் ஏவுகணையை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரி ஏவியது வந்து விழுவதற்குள் அதை ஏவ வேண்டும், இல்லையென்றால் இழக்க வேண்டும். ஏவினால் ஏவியதுதான். ரேடார் சொன்னது பொய் என்று பத்து நிமிடம் கழித்துத் தெரிந்தாலும் ஒன்றும் செய்வதற்கில்லை. பாம்பரின் கதை அப்படியில்லை. "தாக்கு" என்று சொல்லாமலே "எழும்பு" என்று மட்டும் சொல்லலாம். உயிர் பிழைக்கப் பறப்பது வேறு உத்தரவு, குண்டு போடுவது வேறு உத்தரவு. விமானம் முன்கூட்டியே குறித்து வைத்த ஓர் இடம் வரைக்கும் போகும். அங்கே தாக்குதல் குறிமொழி வந்து, குழுவினர் அதைச் சரிபார்த்தால்தான் மேலே போகலாம். வரவில்லையென்றால் திரும்ப வேண்டும். வானொலி கெட்டுப்போனாலும் அதே விதிதான். மௌனத்துக்கு "திரும்பு" என்று பொருள் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் இதைப் பிடித்துக்கொள்ளட்டும்.

எந்த இடம் வரைக்கும் என்று கேட்டீர்கள். ஏவுகணை விமானத்தை விட்டுக் கழலும் வரைக்கும். பி-52 இன்று அணுகுண்டைத் தலைக்கு மேலே கொண்டுபோய்ப் போடுவதில்லை. ஏஜிஎம்-86பி என்ற குரூஸ் ஏவுகணையை (ஆளில்லாச் சின்ன விமானம் மாதிரிப் பறந்து போவது) தூரத்திலிருந்தே விடுகிறது. அது 2,400 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும், 1982-இலிருந்து பணியில் இருக்கிறது, அதன் அணுமுனையின் ஆற்றலை 5 முதல் 150 கிலோடன் வரை வைத்துக்கொள்ளலாம் (ஒரு கிலோடன் என்றால் ஆயிரம் டன் டிஎன்டி வெடிமருந்தின் ஆற்றல்). ஆகவே "திருப்பிக் கூப்பிடலாம்" என்ற வசதி இலக்குக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் முன்பே முடிந்துவிடும். பி-2 வேறு வகை. ரேடாருக்குத் தப்பி உள்ளே புகுந்து பி-61 ரகக் குண்டைப் போட வேண்டியது. அதைக் கிட்டத்தட்டக் கடைசி நிமிடம் வரை திருப்பலாம், ஆனால் அதற்குள் எதிரியின் வானத்துக்கு நடுவில் நிற்கும். தூரத்திலிருந்து ஏவினால் விமானம் தப்பும், திருப்பும் நேரம் குறையும். கிட்டே போனால் நேர்மாறு. இரண்டையும் ஒரே விமானத்தில் கேட்க முடியாது.

சுமை எப்படி 20 ஆகிறது என்றால், ஒவ்வொரு இறக்கைக்கும் கீழே ஒரு தாங்கியில் 6, இரண்டு பக்கமும் 12. வயிற்றுக்குள் ரிவால்வர் உருளை மாதிரிச் சுழலும் ஏவி ஒன்றில் 8. ஒவ்வொன்றாக விமானத்தில் மாட்டுவதில்லை. கிடங்கிலேயே தாங்கியில் கோத்து, முழுத் தாங்கியையும் டிரெய்லரில் இழுத்து வந்து அப்படியே தூக்கி மாட்டுவார்கள். வேலை சீக்கிரம் முடியும். ஆனால் இதே முறையில் ஒரு பெரிய கோளாறும் ஒளிந்திருக்கிறது, அதைப் பிறகு யாராவது சொல்லுங்கள்.

இப்போது பலவீனம். நம்ம தோட்டத்துப் பெரட்டு எல்லாருக்கும் தெரியும்: விடியுமுன்னே ஆள் வந்து வரிசையில் நிற்க வேண்டும், பேர் கூப்பிட்டவுடன் மலைக்குக் கிளம்ப வேண்டும். அமெரிக்க பாம்பர் படை 1957-லிருந்து 1991 வரைக்கும் அப்படித்தான் இருபத்துநான்கு மணி நேரப் பெரட்டில் நின்றது. 1960 வாக்கில் மூன்றில் ஒரு பங்கு விமானம் 15 நிமிடத்தில் எழும்பத் தயார். குழுவினர் ஓடுபாதை ஓரத்திலேயே தங்குவார்கள். விமானங்களை மீன்முள் மாதிரிச் சாய்த்து நிறுத்துவார்கள், பின்னால் தள்ளாமல் நேரே ஓடுபாதைக்கு வர வேண்டும் என்பதற்காக. எஞ்சினைக் கிளப்ப வெளி வண்டிக்குக் காத்திருக்க நேரம் இல்லை. ஸ்டார்ட்டருக்குள் வெடிமருந்துக் குப்பியைப் போட்டுப் பற்றவைத்தால் அந்தப் புகையழுத்தமே சுழலியைச் சுற்றிவிடும். பிறகு 12 விநாடிக்கு ஒரு விமானம். முன்னே போனது கிளப்பிய காற்றுச்சுழலில் பின்னே வருவது ஆடும். பழைய ரகங்களில் எஞ்சினுக்குள் தண்ணீர் பீச்சி உந்துசக்தி ஏற்றுவார்கள், அதன் கரும்புகையில் மூன்றாவது விமானி பாதையையே சரியாகப் பார்க்க மாட்டான். 141 டன் எரிபொருள் கொள்ளும் விமானம் இது. 30 டன் ஏற்றும் செம்பனை எண்ணெய் லாரி என்று வைத்தால் ஐந்து லாரி நெருங்கும்.

1991 செப்டம்பரில் முதல் புஷ் அந்தப் பெரட்டைக் கலைத்தார். இன்று குண்டு கிடங்கில், விமானம் களத்தில். அணுவாயுத பி-52 மைனோட், பார்க்ஸ்டேல் என்று இரண்டு தளத்தில், பி-2 வைட்மேனில். முன்னறிவிப்பில்லாமல் அடி விழுந்தால் கடலோர நீர்மூழ்கி விடும் ஏவுகணைக்கு முன்னால் இந்த மூன்றும் அவ்வளவுதான். "தேவையில்லை" அணி வேகத்தைப் பேசுவதை விட்டுவிட்டு இதைப் பேசினால் ஜெயிக்கலாம்.

"தேவை" அணிக்கும் ஒன்று சொல்கிறேன். நீர்மூழ்கியின் பலமே அது கண்ணுக்குத் தெரியாதது. அதனால் அதைக் காட்டி மிரட்ட முடியாது. கிடங்கிலிருந்து குண்டு வெளியே வருவதும், ஆகாயத்தில் எரிபொருள் ஊட்டும் டேங்கர் விமானங்கள் நகர்வதும், விமானங்கள் பல தளங்களுக்குப் பிரிவதும் எதிரியின் செயற்கைக்கோளுக்குத் தெரியும், தெரிய வேண்டும் என்றுதான் செய்கிறார்கள். கியூபா நெருக்கடியில் 1962 அக்டோபரில் பி-52-களில் எட்டில் ஒரு பங்கு எந்நேரமும் ஆகாயத்தில் இருந்தது, பி-47 என்ற பழைய பாம்பர்களைச் சாதாரண விமான நிலையங்களுக்குக் கூடப் பிரித்து அனுப்பினார்கள். இன்னொன்று: அணு ஏவுகணை சுமக்கும் 14 அமெரிக்க நீர்மூழ்கியும் நம்பியிருப்பது டிரைடன்ட் என்ற ஒரே வகை ஏவுகணையை. அந்த வகையில் ஒரு பொதுப்பழுது கண்டால் குழி ஏவுகணை, நீர்மூழ்கி, பாம்பர் என்ற மூன்று காலில் கடல் கால் முழுக்க நொண்டும்.

பால்மரத்தடி (பாடாங் செராய்)

பெரட்டு உவமை நல்லாத்தான் இருக்கு. ஆனா தரையில் நின்றால் ஆபத்து என்றால் எப்பவும் ஆகாயத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டியதுதானே? டேங்கர் இருக்கே.

ரிவெட் (கூலிம்)

வைத்துப் பார்த்தார்கள் தம்பி. 1960-களில் குண்டோடு 24 மணி நேரச் சுற்று, நடுவில் இரண்டு முறை ஆகாயத்திலேயே எரிபொருள். "குரோம் டோம்" என்று பெயர். அதை முடித்து வைத்தது மூன்று மெத்தை.

1968 ஜனவரி 21. கிரீன்லாந்தின் துலே தளத்துக்கு மேலே ஒரு பி-52ஜி வட்டமடித்துக்கொண்டிருந்தது. வேலை: கீழே இருக்கும் ஏவுகணை எச்சரிக்கை ரேடாரைக் கண்காணிப்பது. ரேடாரோடு தொடர்பு அறுந்தால் அது தாக்குதலா, வெறும் கம்பிக் கோளாறா என்று பார்த்துச் சொல்ல ஒரு சாட்சி. கீழ்த்தளத்தில் ஓர் இருக்கைக்கு அடியில் நுரை மெத்தைகளை அடைத்து வைத்திருந்தார்கள். சூடு காற்று வரும் துவாரம் அங்கேதான். குளிர் தாங்காமல் எஞ்சினிலிருந்து இன்னும் கொஞ்சம் சூடு காற்றைத் திறந்துவிட்டார்கள். அது போதிய அளவு ஆறாமலே உள்ளே வந்தது, மெத்தை பற்றிக்கொண்டது. தீயணைப்பான் தீர்ந்தது, மின்சாரம் போனது, புகையில் கருவிகள் தெரியவில்லை. ஏழு பேரில் ஆறு பேர் பிழைத்தார்கள். விமானம் நான்கு ஹைட்ரஜன் குண்டோடு கடல்பனியில் மோதியது. குண்டுகளுக்குள்ளே இருந்த சாதாரண வெடிமருந்து வெடித்துப் புளுட்டோனியத்தைச் சிதறடித்தது. அணுவெடிப்பு நடக்கவில்லை, நடக்காதபடிதான் செய்திருந்தார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள், நடந்திருந்தால் "ரேடார் தளத்தில் அணுவெடிப்பு, சாட்சி விமானத்தையும் காணோம்" என்றுதான் மேலிடத்துக்குத் தெரிந்திருக்கும். காவலுக்கு நின்றவனே பொய் மணி அடித்த கதை ஆகியிருக்கும். அதோடு குண்டோடு சுற்றுவது நின்றது.

அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1966 ஜனவரி 17, ஸ்பெயினில் பாலோமாரெஸ். எரிபொருள் வாங்கும்போது பி-52 டேங்கரில் மோதி இரண்டும் போயின, ஏழு பேர் பலி. மூன்று குண்டு தரையில், ஒன்று கடலில். தரையில் விழுந்ததில் இரண்டின் வெடிமருந்து வெடித்து வயல்காடெல்லாம் புளுட்டோனியம். சுமார் 1,400 டன் மண்ணையும் செடிகொடியையும் அள்ளி அமெரிக்காவுக்குக் கப்பலேற்றினார்கள். கடலில் விழுந்ததை ஏறக்குறைய 80 நாள் தேடி 870 மீட்டர் ஆழத்திலிருந்து எடுத்தார்கள்.

ஆக, ஆகாயத்தில் வைத்தால் விபத்து, தரையில் வைத்தால் குறி. நடுவில் கண்ட சமரசம்தான் ஓடுபாதை ஓரப் பெரட்டு.

எட்டுஎஞ்சின் சொல்லாமல் விட்ட தாங்கிக் கோளாறு இது. 2007 ஆகஸ்ட் கடைசியில், மைனோட்டிலிருந்து பார்க்ஸ்டேலுக்குப் பழைய ஏஜிஎம்-129 ஏவுகணைகளை வெறும் பயிற்சி முனையோடு அனுப்ப வேண்டும். இரண்டு தாங்கி, ஒன்றில் ஆறு. ஒரு தாங்கியில் பயிற்சி முனை சரியாக இருந்தது. இன்னொன்றில் இருந்த ஆறும் உண்மையான அணுமுனை. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது, சின்னத் துவாரத்தில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கிடங்கில் பார்க்கவில்லை, இழுத்து வந்தவர்கள் பார்க்கவில்லை, விமானத்தில் ஏறுமுன் பார்த்தவர் ஒரு பக்கத் தாங்கியை மட்டும் பார்த்தார், அது நல்ல பக்கம். ஆறு அணுமுனை ஒரு ராத்திரி களத்தில் நின்று, நாட்டுக்குக் குறுக்கே பறந்து, அங்கேயும் மணிக்கணக்கில் நின்ற பிறகுதான் ஒருவர் கண்ணில் பட்டது. மொத்தம் 36 மணி நேரம் அணுவாயுதத்துக்குரிய காவல் இல்லை. ஆயுதமே காணாமல் போனது கிடங்குக்குத் தெரியவில்லை என்பதுதான் இதில் மகா கேவலம். அடுத்த வருடம் விமானப்படைச் செயலாளரும் தளபதியும் வீட்டுக்குப் போனார்கள். அணுவாயுத பாம்பருக்கும் குழி ஏவுகணைக்கும் தனித் தலைமையகம் 2009-இல் வந்தது.

பழுது எங்கே என்று கேட்டால், ஒவ்வொரு கையும் "முந்தின கை பார்த்திருக்கும்" என்று நம்பியது. தாங்கியாகவே நகர்த்தும் முறை அந்த நம்பிக்கையை வளர்க்கும்.

கணக்கப்பிள்ளை (கூலிம்)

ஒப்பந்தச் சந்தேகம் இரண்டுக்கும் நான்.

ஒன்று என்று எண்ணுவது உண்மை. அமெரிக்காவும் ரஷ்யாவும் செய்துகொண்ட புதிய ஸ்டார்ட் ஒப்பந்தம், 2010 ஏப்ரல் 8-இல் பிராகில் கையெழுத்தாகி 2011 பிப்ரவரி 5-இல் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு தரப்புக்கும் 1,550 அணுமுனை, பணியில் உள்ள ஏவி (ஏவுகணை, பாம்பர் எல்லாம் சேர்த்து) 700. ஏவுகணைமேல் உள்ளதைத் தலைதலையாக எண்ணுவார்கள். பாம்பரை எத்தனை சுமக்கும் என்று பார்க்காமல் ஒன்று என்று எழுதுவார்கள். காரணம் சோம்பல் இல்லை. சாதாரண நாளில் பாம்பரில் ஒன்றுமே ஏற்றியிருக்காது, எண்ணப் போனால் பூஜ்யம்தான் வரும்; அதோடு மெதுவான ஆயுதம் திடீர்த் தாக்குதலுக்கு உதவாது என்பதால் இரு தரப்பும் அதைச் சலுகையோடு பார்த்தன. 1991-இன் முதல் ஸ்டார்ட்டில் கணக்கு வேறு: குரூஸ் ஏவுகணை சுமக்கும் அமெரிக்க பாம்பர் முதல் 150 வரைக்கும் தலா 10, சோவியத்துடையது முதல் 180 வரைக்கும் தலா 8. பழைய புத்தகத்தில் படித்த பிள்ளை 10 என்று சொன்னால் அது முழுத் தப்பு இல்லை, எந்த ஒப்பந்தம் என்று மட்டும் கேளுங்கள். ரஷ்யா 2023 பிப்ரவரியில் பங்கேற்பை நிறுத்தியது. ஒப்பந்தத்தின் ஆயுள் 2026 பிப்ரவரி 5-ஓடு முடிந்தது.

வெட்டவெளி விஷயம் தப்பு. 2025 ஜூன் 1-இல் உக்ரைன் லாரிமேல் மரக்கொட்டகை வைத்து, கூரையைத் திறந்து டிரோன்களை விட்டது. 117 டிரோன் என்றார்கள். அடிபட்ட தளங்களில் பெலாயா உக்ரைனிலிருந்து 4,000 கிலோமீட்டருக்கு மேல், சைபீரியாவில். 41 விமானம் என்பது உக்ரைன் சொன்ன கணக்கு, செயற்கைக்கோள் படத்தில் அழிந்ததாகத் தெளிவாகத் தெரிந்தது அதைவிடக் குறைவு. உடனே "ஒப்பந்தம்தான் வெளியில் நிறுத்தச் சொன்னது" என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. முதல் ஸ்டார்ட்டில், கேட்டால் ஒரு தளத்துப் பாம்பர்களை வெளியே இழுத்துக் காட்ட வேண்டும் என்று ஒரு விதி இருந்தது, வருடத்துக்கு ஏழு முறை வரைக்கும். அதுவும் கேட்கும்போது மட்டும். புதியதில் அது இல்லை. மழை வெயிலுக்கான கொட்டகை போட்டுக்கொள்ளலாம் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. பி-2 கொட்டகைக்குள்தானே நிற்கிறது.

வெளியில் நிற்பதற்குக் காரணம் பணமும் பழக்கமும்தான். து-95 என்ற ரஷ்ய பாம்பரின் இறக்கை 50 மீட்டர். அதை மூடக் கட்டடம் கட்டுவது சின்னச் செலவு இல்லை. ரஷ்யர்கள் இறக்கைமேல் பழைய டயர்களை அடுக்கிப் பார்த்தார்கள். து-95எம்எஸ் உற்பத்தி 1990-களின் தொடக்கத்திலேயே நின்றுவிட்டது, போனால் போனதுதான். எட்டுஎஞ்சின் முதல் கால் மணி நேரம் என்று சொன்னது ஏவுகணைக்கு. டிரோனுக்கு அந்தக் கால் மணியும் கிடையாது.

துறைமுகச்சாலை (பட்டர்வொர்த்)

சரவாக் வரியை வெட்டுங்கள் ஐயா. 2021 மே 31-இல் வந்த 16 சீன விமானமும் இல்-76, ஒய்-20 ரகச் சரக்கு விமானங்கள். லபுவானிலிருந்து நம்ம ஹாக் 208 போர்விமானம் எழும்பிப் பார்த்தது. பாம்பர் ஒன்றும் இல்லை.

அதற்குப் பதில் பிள்ளைகளுக்கு நம்ம மண்ணிலிருந்தே சரியான உதாரணம் கொடுக்கலாம். 1962-இலிருந்து சிங்கப்பூரின் தெங்கா தளத்தில் பிரிட்டன் 48 வரை "ரெட் பியர்ட்" அணுகுண்டு வைக்கக் கிடங்கு வைத்திருந்தது. பின்னாளில் வெளியான பிரிட்டிஷ் கோப்புகளில் இது இருக்கிறது. 1963 செப்டம்பர் 16 முதல் 1965 ஆகஸ்ட் 9 வரை சிங்கப்பூர் மலேசியாவுக்குள் இருந்ததைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதே கொன்ஃப்ரொன்தாசி (மலேசியாவை எதிர்த்து இந்தோனேசியா நடத்திய மோதல்) காலத்தில் பிரிட்டனின் விக்டர், வல்கன் பாம்பர்கள் பட்டர்வொர்த்துக்கும் தெங்காவுக்கும் முறைவைத்து வந்து போயின. இந்தோனேசிய அதிபர் சுகர்னோ பார்க்க வேண்டும் என்றுதான் வந்தன. நீர்மூழ்கி வந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

இன்று 1995-இல் கையெழுத்தான பேங்காக் ஒப்பந்தப்படி தென்கிழக்காசியா அணுவாயுதமற்ற வட்டாரம். ஆனால் வெளிநாட்டு விமானம் இறங்கிப் போவதை அனுமதிப்பது அந்தந்த நாட்டின் விருப்பம் என்று ஏழாவது பிரிவு விட்டுவைத்திருக்கிறது.

லயத்துவீடு8 (லூனாஸ், கெடா)

ரொம்ப நன்றி. ஒன்றே ஒன்று: ஒரு பிள்ளை "எல்லா அணுவாயுத நாட்டிடமும் பாம்பர் உண்டு" என்று எழுதியிருக்கிறாள், இந்தியாவையும் சேர்த்து. இன்னொருவன் அமெரிக்கப் பட்டியலில் பி-52, பி-2, பி-1 மூன்றையும் போட்டிருக்கிறான். சரிதானே?

எட்டுஎஞ்சின் (சுங்கை பட்டாணி)

இரண்டும் தப்பு அண்ணே.

கண்டம் தாண்டும் பாம்பர் வைத்திருப்பது அமெரிக்காவும் ரஷ்யாவும். சீனாவின் எச்-6என் பழைய சோவியத் து-16 வழி வந்தது; வயிற்றுக் கதவை எடுத்துவிட்டு அந்தக் குழிவில் ஒரே ஒரு பெரிய ஏவுகணையைத் தொங்கவிடுகிறார்கள், மூக்கில் எரிபொருள் வாங்கும் குழாய். 2019 அணிவகுப்பில் விமானத்தைக் காட்டினார்கள், 2025 செப்டம்பரில் அதற்கான ஏவுகணையை. இந்தியாவின் ஆகாயக் கால் மிராஜ், ஜாகுவார் மாதிரிப் போர்விமானம்தான், பாம்பர் இல்லை. பிரான்சிடம் ரஃபேல், சுமார் 500 கிலோமீட்டர் போகும் ஏவுகணையோடு. "கடைசி எச்சரிக்கை" என்று ஒன்று விடுவதற்கு. பிரிட்டன் 1998-இல் கடைசி விமானக் குண்டையும் ஓரங்கட்டிவிட்டு நீர்மூழ்கியோடு மட்டும் நிற்கிறது. ஆகவே தலைப்பில் "எந்த நாட்டுக்கு" என்பதைச் சேர்த்துவிடுங்கள், இல்லையென்றால் இரண்டு அணியும் ஒன்றையொன்று தொடாமலே பேசிவிட்டுப் போகும்.

பி-1பி-யை அடித்துவிடுங்கள். அணுப்பணியை 1990-களிலேயே எடுத்துவிட்டார்கள், மாற்றும் வேலை 2011-இல் முடிந்தது. வெளித் தாங்கி மாட்டும் இடத்தில் உருளை வளையம் ஒன்றை வைத்துப் பற்றவைத்துவிட்டார்கள், குரூஸ் ஏவுகணைத் தாங்கி இனி அதில் நுழையாது. அணுவாயுதத்துக்கான கம்பி இணைப்பையும் கழற்றியாயிற்று. பி-52-இலும் மொத்தம் 76-இல் 46-தான் அணுவாயுதத்துக்கு, மீதி 30-ஐயும் இப்படி மாற்றினார்கள். மாற்றிய முறை போதாது என்று ரஷ்யா முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. பி-21 என்ற புதிய அமெரிக்க பாம்பரை யாராவது சேர்த்திருந்தால் 2023 நவம்பர் 10-இல் முதல் முறை பறந்தது என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள்.